மூன்றாவது பொருளுக்கும் ஒரு பெயர் வேண்டும்

"செம்பு–நீர் நானோ பாய்மம்", "வெள்ளி–எத்திலீன் கிளைக்கால் நானோ பாய்மம்" என்று ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தலைப்பிடுவது இன்று நிலைத்துவிட்ட வழக்கம். தலைப்பைப் படிப்பவர் குடுவைக்குள் இரண்டு பொருள்கள் இருப்பதாகவே கொள்வார்: ஓர் உலோகம், ஒரு திரவம். பெரும்பாலான குடுவைகளில் இருப்பவை மூன்று. உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடாமல் தடுக்க, ஆய்வகப் பேச்சில் டிஸ்பர்ஸன்ட் எனப்படும் பிரிகைக் காரணி ஒன்று சேர்க்கப்படுகிறது. அது சோப்பைப் போன்ற பரப்பு இயங்குபொருளாக இருக்கலாம்; சிட்ரேட் போன்ற சிறு அயனியாக இருக்கலாம்; பாலிவினைல் பிரோலிடோன், அதாவது பி.வி.பி., போன்ற நெடுஞ்சங்கிலிப் பலபடியாகவும் இருக்கலாம். செய்முறைப் பகுதியின் ஒரு வரியில் தலைகாட்டிவிட்டு, முடிவுகளைப் பேசும் இடத்தில் அது மறைந்துவிடுகிறது.

தமிழ் இலக்கணம் கற்றோருக்கு இந்த மறைவு புதிதன்று. 'பொற்சிலை' என்ற தொடரில் 'ஆல்' என்னும் உருபும் 'ஆகிய' என்னும் பயனும் தொக்கு நிற்கின்றன. சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் தாமே விரித்துக்கொள்கிறார். மொழி வழக்கு அதற்குத் துணை நிற்கிறது. 'செம்பு–நீர்' என்பதோ உம்மைத்தொகை போலத் தோன்றுகிறது. "செம்பும் நீரும்" என்று விரித்தவுடன் பொருள் முடிந்துவிடுகிறது. மூன்றாவது ஒன்றை எதிர்பார்க்கவே இடமில்லை. தொகையில் மறைந்த உருபை வாசகர் மீட்டுவிடலாம். கட்டுரையில் மறைந்த வேதிப்பொருளின் அளவையும் தரத்தையும் எந்த வாசகராலும் மீட்க முடியாது. இந்த விடுபடல் பாகுநிலை அளவீடுகளின் நம்பகத்தன்மையையே குலைக்கிறது என்பதும், அதைச் சரிசெய்யப் புதிய கருவியோ பெரிய நிதியோ தேவையில்லை என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

நானோ பாய்மம் என்ற பெயரை 1995இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் வழக்குக்குக் கொண்டுவந்தார். எண்ணம் எளியது. செம்பின் வெப்பக் கடத்துத்திறன், மீட்டர்–கெல்வினுக்கு வாட் என்ற அலகில், ஏறக்குறைய 400; நீருக்கு அது 0.6, எத்திலீன் கிளைக்காலுக்கு ஏறக்குறைய 0.25. திரவத்தில் உலோகத் துகள்களை மிதக்கவிட்டால் கலவை வெப்பத்தை விரைந்து கடத்தும். மாக்ஸ்வெல் 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய கலவைகளுக்குச் சமன்பாடு தந்திருந்தார். ஆனால் பெரிய துகள்கள் படிந்து குழாயை அடைத்தன. நானோ அளவுத் துகள்கள் அந்தத் தடையை நீக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. 2001இல் ஈஸ்ட்மன், சோய் முதலியோர் வெளியிட்ட சிறு கட்டுரை, பருமத்தில் 0.3 விழுக்காடு செம்புத் துகள் கலந்த எத்திலீன் கிளைக்காலின் கடத்துத்திறன் 40 விழுக்காடு வரை உயர்ந்ததாகக் கூறியது. அந்தக் குடுவையிலும் மூன்றாவது பொருள் இருந்தது. துகள்கள் பிரிந்து நிற்கத் தயோகிளைக்காலிக் அமிலம் சேர்க்கப்பட்டிருந்தது. பின்னால் அந்த 40 என்ற எண் மேற்கோளாகப் பரவிய அளவுக்கு அமிலத்தின் பெயர் பரவவில்லை.

இந்திய ஆய்வுலகம் இந்த மூன்றாவது பொருளை அறியாததன்று. 2003இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சரித் குமார் தாஸ், பிரதீப் ஆகியோரின் குழு தங்கம், வெள்ளி நானோ பாய்மங்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, துகளின் மேற்பரப்பு எதனால் மூடப்பட்டிருக்கிறது என்பதைத் தலைப்பிலேயே குறிப்பிட்டது. மேலுறை இல்லாத துகளுக்கும் ஒற்றை மூலக்கூற்று அடுக்கால் காக்கப்பட்ட துகளுக்கும் இடையிலான வேறுபாடே அதன் பேசுபொருள்களில் ஒன்று. முன்மாதிரி இங்கேயே இருந்தும் வழக்கம் வேறு திசையில் சென்றுவிட்டது.

பிரிகைக் காரணி பாகுநிலையை எவ்வாறு மாற்றுகிறது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. அது மூன்று வழிகளில் செயல்படுகிறது. மூன்றும் ஒரே திசையில் செல்வதில்லை.

முதல் வழி, திரட்சியைக் கலைப்பது. நீர்த்த கலவையின் பாகுநிலை, துகள்களின் பருமப் பின்னத்தின் 2.5 மடங்கு அளவுக்கு உயரும் என்பது ஐன்ஸ்டைனின் சமன்பாடு. 1906இல் அவர் வெளியிட்ட கணக்கில் இந்த 2.5 இல்லை. பாரிசில் பான்செலன் செய்த அளவீடு கணக்கோடு ஒத்துவராததால், லுட்விக் ஹோஃப் கணக்கை மறுபடி சரிபார்த்துப் பிழையைக் கண்டார். 1911இல் ஐன்ஸ்டைன் திருத்தம் வெளியிட்டார். அந்தச் சமன்பாட்டின்படி 0.5 விழுக்காடு துகள், பாகுநிலையை 1.25 விழுக்காடு மட்டுமே உயர்த்த வேண்டும். ஆனால் துகள்கள் ஒட்டிக்கொண்டு இளகிய பஞ்சுப் பொதி போலத் திரண்டால், பொதிக்குள் சிறைப்பட்ட திரவமும் துகளோடு சேர்ந்தே நகரும். தனித்துகளைப் போல 10 மடங்கு ஆரமும், இத்தகைய திரட்சிகளுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் 1.8 என்ற பின்னப் பரிமாணமும் உடைய பொதிகளாக அவை மாறினால், பயனுறு பருமப் பின்னம் ஏறக்குறைய 16 மடங்கு பெருகும். 0.5 விழுக்காடு 8 விழுக்காடாகத் தோற்றமளிக்கும். பாகுநிலை 20 விழுக்காடோ அதற்கு மேலோ உயரும். இங்கே பிரிகைக் காரணி பொதியைக் கலைத்துப் பாகுநிலையைக் குறைக்கிறது. கட்டடப் பணியில் சிமென்ட் கலவைக்குச் சிறிதளவு பிளாஸ்டிசைசர் ஊற்றியதும் கூடுதல் நீரின்றியே கலவை இளகி ஓடுவதற்கும் இதுவே காரணம்.

இரண்டாம் வழி, துகளைப் பருக்கச் செய்வது. மேற்பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகள் ஒரு மேலுறையாகின்றன. அந்த உறையும் துகளோடு சேர்ந்தே நகர்கிறது. 5 நானோமீட்டர் ஆரமுள்ள துகளின் மீது 2 நானோமீட்டர் தடிப்பில் உறை அமைந்தால், ஆரம் 1.4 மடங்காகிறது, பருமமோ 2.7 மடங்கைத் தாண்டுகிறது. 1 விழுக்காடு உலோகம் என்று எடைபோட்டுச் சேர்த்தவர், ஓட்டத்தைப் பொறுத்தவரை 2.7 விழுக்காடு துகள் சேர்த்தவராகிறார். துகள் பெரிதாக இருந்தால் இந்த விளைவு சிறுத்துவிடும். துகள் சிறுக்கச் சிறுக்க உறையின் பங்கு மிகும்; நானோ அளவில் அதைப் புறக்கணிக்கவே இயலாது.

மூன்றாம் வழி, துகளோடு ஒட்டாமல் திரவத்திலேயே தங்கிவிடுவது. மேற்பரப்பில் இடம் நிரம்பியபின் மிஞ்சிய மூலக்கூறுகள் கரைசலில் உலவும். பரப்பு இயங்குபொருளாயின் மைசெல்களாகத் திரளும். பலபடியாயின் சங்கிலிகள் விரிந்து திரவத்தையே தடிப்பாக்கும். இந்த உயர்வுக்கும் உலோகத்துக்கும் தொடர்பே இல்லை. துகளை முழுவதும் வடிகட்டி எடுத்துவிட்டாலும் அது எஞ்சி நிற்கும்.

மூன்று வழிகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது கிண்ணம் போன்ற வளைகோடு. காரணி குறைவாக இருக்கையில் திரட்சியால் பாகுநிலை மிகுகிறது. போதிய அளவில் மிகக் குறைந்த நிலையை அடைகிறது. அளவு மிஞ்சினால் கரைசலின் தடிப்பால் மீண்டும் ஏறுகிறது. களிமண் குழம்பை அச்சில் வார்க்கும் பீங்கான் தொழிலார் இந்த வளைகோட்டை நெடுங்காலமாக அறிவர். சோடியம் சிலிகேட்டைச் சிறிதுசிறிதாகச் சேர்த்துக் குழம்பு மிக இளகும் புள்ளியைத் தேடுவது அவர்களுக்கு அன்றாடப் பணி. எனவே "பிரிகைக் காரணி பாகுநிலையைக் கூட்டும்" என்ற கட்டுரையும் "குறைக்கும்" என்ற கட்டுரையும் ஒன்றையொன்று மறுப்பனவாக இருக்க வேண்டியதில்லை. கிண்ணத்தின் இரு சரிவுகளில் இருவர் நின்றிருக்கலாம். யார் எங்கே நின்றார் என்பதைச் சொல்லாததால்தான் முரண் போலத் தோன்றுகிறது.

"சேர்ப்பதோ மிகச் சிறிதளவு, அதைப் போய்ப் பெரிதாக்குவதா?" என்பது அடிக்கடி எழும் மறுப்பு. சிறிதா பெரிதா என்பதைத் திரவத்தின் எடையோடு ஒப்பிட்டு முடிவுசெய்வது பொருந்தாது. துகள்களின் மேற்பரப்போடு ஒப்பிட வேண்டும். 10 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள் பருமத்தில் 0.3 விழுக்காடு இருக்கும் ஒரு லிட்டர் பாய்மத்தில், துகள்களின் மொத்த மேற்பரப்பு ஏறக்குறைய 1,800 சதுர மீட்டர். ஒரு கால்பந்து ஆடுகளத்தின் கால்பங்கு. ஒரு மூலக்கூறுக்கு அரைச் சதுர நானோமீட்டர் இடம் எனக் கொண்டால், சோடியம் டோடெசில் சல்ஃபேட் போன்ற பொருள் இந்தப் பரப்பை ஒற்றை அடுக்காக மூட 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தேவை. மேற்பரப்போடு சமநிலை பேணக் கரைசலிலும் ஓரளவு இருந்தாக வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் "எடையில் 1 விழுக்காடு" என்று சேர்ப்பவர் லிட்டருக்கு 10 கிராம் இடுகிறார். அதில் பெரும்பகுதிக்குத் துகளின் மீது இடமே இல்லை.

இதிலிருந்து ஒரு முறையியல் சிக்கல் பிறக்கிறது. துகளின் அளவை 0.1, 0.3, 0.5, 1 விழுக்காடு என்று படிப்படியாக உயர்த்தி, காரணியின் அளவை மாற்றாமல் வைத்துப் பாகுநிலையை வரைவது பரவலான நடைமுறை. ஒரு மாறியை மட்டும் மாற்றியதாக ஆய்வாளர் கருதுகிறார். உண்மையில் இரண்டு மாறுகின்றன. துகள் பெருகப் பெருக, மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கிடைக்கும் காரணி குறைகிறது. வரைபடத்தின் இடக்கோடியில் காரணி மிதமிஞ்சியும், வலக்கோடியில் போதாமலும் இருக்கக்கூடும். அந்தக் கோட்டுக்குச் சமன்பாடு பொருத்தி, "பாகுநிலை துகள் அடர்வோடு இவ்வாறு உயர்கிறது" என்று முடிவுரைத்தால், அது எந்த மாறியின் விளைவு என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

அடுத்த சிக்கல் ஒப்பீட்டு அளவுகோல் பற்றியது. பி.வி.பி.யை எடுத்துக்கொள்வோம். சந்தையில் கே 30, கே 90 எனப் பல தரங்கள் உண்டு. அந்த எண்களே நீர்த்த கரைசலின் பாகுநிலையிலிருந்து ஃபிக்கென்ட்ஷர் சமன்பாட்டின் வழியாகக் கணக்கிடப்படுபவை. அச்சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால், நீரில் 1 விழுக்காடு கே 30 பாகுநிலையை ஏறக்குறைய 24 விழுக்காடு உயர்த்துகிறது. அதே 1 விழுக்காடு கே 90 நான்கு மடங்குக்கு மேலாக்குகிறது. ஆகவே "பி.வி.பி. 1 விழுக்காடு சேர்க்கப்பட்டது" என்று தரத்தைக் குறிக்காமல் எழுதும் கட்டுரை, தான் அளக்க வந்த பண்பையே மறைத்துவிடுகிறது.

இதன் பின்விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். கே 30 கரைந்த நீரில் வெள்ளித் துகள்கள். கலவையின் பாகுநிலை தூய நீரைவிட 40 விழுக்காடு மிகுதி. கடத்துத்திறன் 8 விழுக்காடு மிகுதி. வரிச்சீர் ஓட்டத்தில் பாகுநிலையின் உயர்வு கடத்துத்திறன் உயர்வைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் நானோ பாய்மத்தால் ஆதாயமில்லை என்பது 2006இல் பிராஷர் குழுவினர் தந்த அளவுகோல். எட்டின் நான்கு மடங்கு 32. நாற்பது அதைத் தாண்டுகிறது. எனவே இந்தப் பாய்மம் குளிர்விப்பானாகத் தேறாது. இனி ஒருவர் பாகுநிலையை மட்டும் தூய நீருக்குப் பதிலாகப் பி.வி.பி. கரைசலோடு ஒப்பிடட்டும். 1.40ஐ 1.24ஆல் வகுத்தால் 1.13, உயர்வு 13 விழுக்காடுதான். அதே பாய்மம் இப்போது எளிதாகத் தேறிவிடுகிறது. குடுவையில் எதுவும் மாறவில்லை. வகுத்த எண் மட்டுமே மாறியது.

இரண்டு ஒப்பீடுகளுக்கும் உரிய இடம் உண்டு. துகளால் மட்டும் விளைந்தது எவ்வளவு என்று அறிய விரும்பும் இயற்பியலாளருக்குக் கரைசலோடு ஒப்பிடுவதே முறை. எக்கிக்குச் செலவாகும் ஆற்றலைக் கணக்கிடும் பொறியாளருக்கு, அந்தத் துணைப்பொருள் இல்லாமலே ஓடக்கூடிய தூய திரவத்தோடு ஒப்பிடுவதே முறை. கடத்துத்திறனுக்கு ஓர் அளவுகோலும் பாகுநிலைக்கு வேறோர் அளவுகோலும் பிடித்து, இரண்டையும் ஒரே பட்டியலில் நிறுத்துவதுதான் முறைகேடு. அது பெரும்பாலும் உள்நோக்கத்தோடு நடப்பதில்லை. மூன்றாவது பொருளுக்கு அட்டவணையில் நிரலே இல்லாததால் தானாக நடந்துவிடுகிறது. சுழற்சி ஓட்டத்தில் அழுத்த இழப்பு பாகுநிலையைச் சற்றே சார்ந்திருப்பதால் தண்டனை குறைவு என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கும் நுண்குழாய்களில் பெரும்பாலும் வரிச்சீர் ஓட்டமே நிகழ்கிறது. அங்கே ஓட்ட வீதம் மாறாதிருந்தால், பாகுநிலை ஏறும் அதே விகிதத்தில் எக்கியின் செலவும் ஏறும்.

காலமும் வெப்பமும் வேறு கணக்குக் கேட்கின்றன. துகளைப் பிரிக்க மீயொலி செலுத்தும்போது பலபடிச் சங்கிலிகளும் அறுபடக்கூடும். அறுபட்ட சங்கிலிக்குத் தடிப்பாக்கும் ஆற்றல் குறைவு. மீயொலி படாத கரைசலை அடிப்படையாக வைத்து, மீயொலி பட்ட பாய்மத்தை அதனோடு ஒப்பிட்டால், துகள் சேர்த்ததால் பாகுநிலை குறைந்தது என்ற விந்தையான முடிவும் வரலாம். வெப்பநிலை உயரும்போது மூலக்கூறுகள் மேற்பரப்பை விட்டு அகலக்கூடும். அறை வெப்பத்தில் நிலைத்து நின்ற பாய்மம் கருவிக்குள் சூடேறியதும் திரளலாம். ஒருநாள் அளவீடு ஒரு மாதத்துக்குப் பிந்திய நிலையைச் சொல்லாது.

அப்படியானால் பிரிகைக் காரணியே இன்றிச் செய்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். மைக்கேல் ஃபாரடே 1857ஆம் ஆண்டளவில் செய்த தங்கக் கூழ்மங்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. தடிப்பாக்கும் பலபடி ஏதுமின்றி, மேற்பரப்பின் மின்னூட்டமே அவற்றைக் காத்து நிற்கிறது. ஆனால் அத்தகைய கூழ்மத்தில் சிறிது உப்புப் பட்டாலும் திரிந்துவிடும். உலோகத்தின் அடர்வும் மிகக் குறைவு. உப்பையும் அடர்வையும் தாங்கும் காப்பு வேண்டுமெனில் பலபடியை நாட வேண்டும். அதன் விலை பாகுநிலையில் கட்டப்படும். இந்தக் கொடுக்கல் வாங்கலே நானோ பாய்மத் துறையின் மையக் கேள்வி. அதை அடிக்குறிப்பில் ஒதுக்கிவைத்துவிட்டு எழுதும் கட்டுரை, கேள்வியையே தவறவிடுகிறது.

இதனால் பாதிக்கப்படுவோர் யார்? முதலில், ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்கள். அச்சில் வந்த ஓர் எண்ணை மீட்டெடுக்க முயன்று, வேறு தரப் பலபடியை வாங்கி, வேறு அளவில் கலந்து, எண் பொருந்தாதபோது பிழை தம் கையில்தான் என்று நம்பி மாதங்களை இழப்பவர்கள் அவர்களே. அடுத்து, பலருடைய தரவுகளைத் திரட்டி இயந்திரக் கற்றல் மாதிரிகள் அமைப்போர். வெப்பநிலை, துகளளவு, பருமப் பின்னம் என்ற நிரல்கள் மட்டுமே கொண்ட தொகுப்பில் கே 30உம் கே 90உம் ஒன்றாகவே தெரியும். அந்த வேறுபாட்டை மாதிரி, துகளின் குணமாகக் கற்றுக்கொள்ளும். நுட்பமான கணிதம், மறைந்த நிரலை ஒருபோதும் மீட்டுத் தராது.

தீர்வு கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. 30க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கேற்று 2009இல் முடிவுகளை வெளியிட்ட பன்னாட்டு நானோ பாய்ம ஒப்பளவீட்டுப் பணியில், துகள் இல்லாத, துணைப்பொருள் மட்டும் கலந்த திரவங்களும் தனி மாதிரிகளாக அளக்கப்பட்டன. கடத்துத்திறனில் வியப்பூட்டும் உயர்வு ஏதும் தம் மாதிரிகளில் இல்லை என்று அந்தப் பணி அமைதியாக அறிவித்ததற்கு, இத்தகைய ஒழுங்கும் ஒரு காரணம். அதே ஒழுங்கை ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வேடும் நான்கு வரிகளில் கடைப்பிடிக்கலாம். காரணியின் பெயரோடு தரத்தையும் மூலக்கூறு எடையையும் எழுதுதல். அதன் அளவைத் திரவ எடையின் விழுக்காட்டோடு நிறுத்தாமல் துகள் மேற்பரப்பின் சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் தருதல். தூய திரவம், அதே மீயொலி பட்ட துணைக்கரைசல், முழுப் பாய்மம் ஆகிய மூன்றின் பாகுநிலையையும் பக்கம்பக்கமாக அட்டவணையிடுதல். அளந்த வெப்பநிலை, சறுக்கு வீதம், கலவையின் வயது ஆகியவற்றைக் குறித்தல். இவற்றுக்கு ஏற்கெனவே உள்ள விஸ்காமீட்டரும் கூடுதலாக ஒரு பிற்பகலும் போதும்.

வாய்மொழித் தேர்வில் அமரும் நெறியாளர்களும் தேர்வாளர்களும் ஒரே ஒரு கேள்வியை வழக்கமாக்கினால் இந்த மாற்றம் விரைவில் வேரூன்றும்: "துகளை நீக்கிவிட்டால் இந்தத் திரவத்தின் பாகுநிலை என்ன?" அந்த எண் ஆய்வேட்டில் இருந்தால், மற்ற எண்களையும் நம்பி அடுத்தவர் மேலே கட்டலாம். இல்லாவிட்டால், செம்பின் பெயரால் அச்சேறிய எண்ணில் எத்தனை பங்கு செம்புடையது என்பது எழுதியவருக்கே தெரியாது.